கன்னியப்பன் மாமாவுக்கு, ரெகுலேட்டர் வாங்கிய சேதி

எங்கிருந்தாலும் நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற என் கன்னியப்பன் மாமாவுக்கு,

நான் ஒரு ரெகுலேட்டர் வாங்கியிருக்கிறேன் மாமா. உடனே நீ அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். இது அது இல்லை. கடலுக்கு அடியில் போகிறவன் முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டியிருப்பான். அதில் காற்றை நெருக்கி அடைத்திருப்பார்கள். அதை அப்படியே வாயில் திறந்துவிட்டால் நெஞ்சு தாங்காது. அந்தக் காற்றின் வேகத்தைத் தணித்து, நீ இழுக்கும்போது மட்டும், இழுக்கிற அளவுக்கு மட்டும் கொடுக்கிற கருவிதான் ரெகுலேட்டர். சிலிண்டரின் தலையில் மாட்ட ஒரு பாகம், வாயில் கடித்துக்கொள்ள ஒரு பாகம், நடுவில் ஒரு குழாய்.

முதல்முதலாக எனக்கே எனக்கென்று வாங்கியது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதி. ஆனால் வாங்கிய நேரத்திலிருந்து எனக்குக் கோபம்தான் வந்துகொண்டிருக்கிறது. யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னேன், அது என்ன ஆனது என்று பின்னால் எழுதுகிறேன். மீதிக் கோபத்தை உன்னிடம்தான் கொட்ட வேண்டும். உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது.

நீ போன அடுத்த வருஷம் நான் கப்பலேறி அந்தமான் போய்விட்டேன். அங்கே வெளிநாட்டுக்காரர்களையும் பம்பாய்க்காரர்களையும் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்ப் பவளப்பாறை காட்டுகிற ஒரு இடம். முதலில் படகில் கயிறு பிடித்தேன், சிலிண்டர் தூக்கினேன். அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் நான் நீந்துவதைப் பார்த்துவிட்டு என்னையும் வகுப்பில் உட்கார வைத்தார். செய்யாற்றில் வெள்ளம் வந்தபோது நீயும் நானும் மாகறலுக்கு எதிர்க்கரை வரை நீந்தியது எனக்கு அங்கே சோறு போட்டது. இப்போது வருகிறவர்களை நானே கீழே கூட்டிக்கொண்டு போகிறேன். அப்படிப் போகிறவனுக்குச் சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் இருக்க வேண்டும், இரவல் காற்றில் எத்தனை நாள் காலம் தள்ளுவாய் என்றார் மாஸ்டர். இந்தக் கார்த்திகையில் உன் வருஷப் படையலுக்கு ஊருக்கு வரும் வழியில், மெட்ராஸில் இறங்கி நேரே கடைக்குப் போனேன்.

கடைக்காரன் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "உங்க ஓனருக்கா வாங்குறீங்க?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். அட்டை இருக்கிறதா என்றான். பயிற்சி முடித்ததற்கு எனக்குக் கொடுத்த அட்டையை மேஜைமேல் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் இருந்த என் படத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் அவன் கண் எத்தனை தடவை போய் வந்தது தெரியுமா? உத்திரமேரூர் பக்கத்துக் கூலிக்காரன் மகன் கடலுக்கடியில் மூச்சுவிடுவான் என்பது அவனுக்கு நம்ப முடியாத சங்கதியாக இருந்தது.

சரி, நம்பித் தொலைத்தான். அப்புறம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைத்தான். பனிக்கட்டி மிதக்கிற தண்ணீரில்கூட உள்ளே உறையாதாம். அதற்கென்று தனியாக ஒரு அடைப்பு வைத்து, உள்ளே தண்ணீர் புகாமல் மூடியிருக்கிறார்களாம். நான் இறங்குகிற கடல் குளித்தால் கதகதவென்று இருக்கும் மாமா. அந்தத் தண்ணீருக்குப் பனிக்கு அடைப்பு எதற்கு? சித்திரை வெயிலில் கம்பளி விற்கிற வேலை. என் தலையில் கட்டப் பார்த்தான்.

மாஸ்டர் என்னிடம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீருக்குச் சாதாரண பிஸ்டன் வகை போதும்; உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், நாலைந்து ரப்பர் வளையம், கெட்டுப்போக அதிகமாக ஒன்றும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அதனால் வளையமும் ஸ்பிரிங்கும் மெட்ராஸிலேயே கிடைக்கிற கம்பெனியாகப் பார். நம் பக்கத்து சிலிண்டரில் மாட்டுகிற மாதிரி கிளாம்ப் போட்டதாக எடு. பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் நீ, கனமில்லாததாக எடு. எல்லாவற்றுக்கும் மேலே, வாயில் வைத்து மூச்சுவிட்டுப் பார்க்காமல் காசை நீட்டாதே. அவ்வளவுதான் மாஸ்டர் சொன்னது. பளபளப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நான் கேட்டதை அவன் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தான். தூசி தட்டித்தான் கொடுத்தான். அதோடு மஞ்சள் நிறத்தில் இன்னொரு வாய்ப்பாகமும் நீளமான குழாயும் சேர்த்து வைத்தான். இது கட்டாயம் சார், கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுக்க என்றான். அதற்குள் நான் 'சார்' ஆகிவிட்டேன். பக்கத்தில் நீந்துகிற யாரோ ஒருவனுக்காக ஒரு வாய் காற்றை உபரியாகக் கொண்டுபோக வேண்டும் என்று உலகத்தில் ஒரு சட்டம் இருக்கிறது மாமா. இருக்கிற ஒரே குழாயில் என்ன வருகிறது என்று உனக்காக யார் பார்த்தார்கள்?

கடையில் ஒரு சிலிண்டரில் மாட்டி வாயில் வைத்து இழுத்தேன். இழுப்பதற்குச் சிரமமே இல்லை, தாராளமாக வந்தது. வாசனை இல்லை, ருசி இல்லை. நல்ல காற்றுக்கு ருசியே இருக்காது. அங்கேதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைக்காரன் பயந்துபோய் ஏதாவது கோளாறா என்று கேட்டான். கோளாறு உன் கருவியில் இல்லையப்பா என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கதையை உனக்கே சொல்வது பைத்தியக்காரத்தனம். ஆனால் நீ பாதியில் போய்விட்டாய். மீதி உனக்குத் தெரியாதே.

மாகறல் பக்கத்து நிலத்துக்காரர் கிணற்றில் அந்தக் கார்த்திகை மழையில் கரை சரிந்து மோட்டார் உள்ளே போய்விட்டது. தண்ணீரை இறைத்துவிட்டு எடுக்கலாம். டீசல் செலவு, இரண்டு நாள் வேலை. அதற்குப் பதிலாக நம் தெருவுக்கு ஆள் அனுப்பினார்கள். அதுதானே வழக்கம்? கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் நம் தெரு, பிணம் விழுந்தாலும் நம் தெரு. இறங்குகிறவனுக்கு ஒரு துண்டும், குளிருக்கென்று ஒரு குவார்ட்டரும் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. மூச்சு அவனவன் சொந்தப் பொறுப்பு.

அந்தத் தடவை மூச்சுக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்று வரதன் வந்தான். கிணறு ஆழப்படுத்தும்போது பாறையில் துளை போடுவார்களே, டிராக்டருக்குப் பின்னால் கம்ப்ரஸரைக் கட்டிக்கொண்டு, அந்த வண்டி அவனுடையது. துளை போடுகிற கருவியைக் கழற்றிவிட்டு, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, சைக்கிள் டியூப் வைத்துக் கட்டி, உன் பல்லுக்கு நடுவே கொடுத்தான். பாறையை உடைக்கிற காற்று மாமா. அதை உன் நெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் இறங்கினாய். மோட்டார் எங்கே கிடக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு வந்தாய். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது தள்ளாடினாய், வாசலிலேயே வாந்தி எடுத்தாய், மண்டை வெடிக்கிறது என்றாய். ஆடியில்தான் அக்காவின் கையைப் பிடித்து இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாய். அவள் என்ன நினைப்பாள்? வாடை அடிக்கவில்லையே என்று அவளுக்கே சந்தேகம் வந்ததாம். பாக்கு போட்டு மறைத்துவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டாள். காற்று கசக்கிறது என்று நீ சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சோறு போடவில்லை. நீயும் ரோஷக்காரன், கேட்கவில்லை. காலையில் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாய்.

இங்கேதான் உன்மேல் கோபம். காற்று கசக்கிறது என்று தெரிந்தும் மறுநாள் ஏன் போனாய் மாமா? ஒத்துக்கொண்ட வேலையை விட்டால் நாளைக்கு எவனும் கூப்பிட மாட்டான் என்றுதானே? கூப்பிடாவிட்டால் போகட்டுமே. இப்போது நான் கூப்பிடுகிறேன், வருகிறாயா?

மறுநாள் உன்னைக் கயிற்றில் கட்டித்தான் மேலே தூக்கினார்கள். தூக்கின கையோடு வரதன் சொன்ன முதல் வார்த்தை, "எறங்கச்சொல்லோவே தள்ளாடினான், போட்டுக்கினுதான் வந்திருக்கான்" என்பது. நிலத்துக்காரரும் ஆமாம் என்றார். விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். அத்தாட்சிக்குக் கரையில் உன் சட்டை கிடந்தது, அதன் பையில் அவர்கள் கொடுத்த குவார்ட்டர் பாட்டில் இருந்தது. காலி பாட்டில். அன்றைக்குக் கிணற்றடியில் கூடியிருந்தவர்களில் யாரோ அதைக் குடித்துத் தீர்த்திருக்கிறார்கள். சரக்கு அவனுக்கு, குடிகாரன் பட்டம் உனக்கு. இதைவிடக் கேவலம் உண்டா?

எட்டு வருஷம் அக்கா இதைச் சுமந்தாள். ஊர் பேசியது அவளுக்குப் பெரிதில்லை. நீ அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறினாயா, இல்லையா? அதுதான் அவளைத் தின்றது. நாற்று நடுகிற இடத்தில், களை பறிக்கிற இடத்தில் யாராவது குடியைப் பற்றிப் பேசினால் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவாள். உன் படத்துக்குப் பூ வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். நீ குடித்திருக்க மாட்டாய் என்று எனக்கு மனசுக்குள் உறுதி. ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

ஆதாரம் அந்தமானில் கிடைத்தது. சிலிண்டரில் காற்று நிரப்ப அங்கேயும் ஒரு கம்ப்ரஸர் உண்டு, டீசலில் ஓடுவது. மாஸ்டர் அதைக் கிளப்புவதற்கு முன் வெளியே வந்து காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்ப்பார். காற்றை உறிஞ்சுகிற குழாயைத் தூக்கி, எஞ்சின் புகை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப் பக்கமாகக் கட்டுவார். ஒருநாள் எதற்கு என்று கேட்டேன். புகை உள்ளே போனால் அது சிலிண்டர் வழியாக மனிதனுக்குள் போகும் என்றார். போனால் என்ன ஆகும் என்றேன். தலைவலி வரும், வாந்தி வரும், தள்ளாடுவான், பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்பார்கள், மறுபடியும் இறங்கினால் உள்ளேயே மயங்கிச் செத்துப்போவான் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கையிலிருந்த சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன் மாமா. வரதன் எந்த வேலை ஆரம்பித்தாலும் டிராக்டரைக் கிழக்கு பார்த்து நிறுத்துவான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவான். வேலை முடியும்வரை வண்டியின் முகத்தைத் திருப்பக் கூடாது, திருப்பினால் சாமிக்கு முதுகு காட்டின மாதிரி என்பான். நம் பக்கத்தில் எல்லாக் கம்ப்ரஸர் வண்டிக்காரர்களும் அப்படித்தானே? கோடையில் கிணறு தோண்டும்போது மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். வண்டியின் முன்பக்கத்துப் புகை அப்படியே முன்னால் போய்விடும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. நீ இறங்கியது கார்த்திகையில். காற்று கிழக்கிலிருந்து. முன்பக்கத்துப் புகை பூராவும் பின்பக்கத்தில் இருக்கிற கம்ப்ரஸரின் வாய்க்குத்தான் வரும். போதாததற்குத் தூறல் விழுகிறது என்று மேலே தார்ப்பாயை வேறு கட்டினான். புகைக்கு வேறு வழியும் இல்லை.

இதை எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? மனசிலேயே வைத்திருந்து, இந்த முறை வந்துதான் அக்காவிடம் சொன்னேன். ரெகுலேட்டரைப் பிரித்துக் காட்டி, காற்று எப்படி வருகிறது, அன்றைக்கு எப்படி வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அப்போ அன்னிக்கி அவுரு குடிச்சிட்டு வரலியா?" என்று கேட்டாள்.

இல்லை அக்கா என்றேன்.

"நான் சோறு போடலியேடா" என்றாள். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு உன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள் மாமா. ரொம்ப நேரம் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து உன் தம்பி முருகேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எங்கேடா என்றேன். அதே நிலத்துக்காரரின் இன்னொரு கிணறு, மழைக்கு மோட்டார் உள்ளே போய்விட்டது, வரதன் வண்டி வந்திருக்கிறது என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு உயிர் போயும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அண்ணன் போன வழியில் தம்பியை அனுப்பக் கூப்பிடுகிறார்கள், அவனும் போகிறான். என் கையில் அருமையான ரெகுலேட்டர் இருக்கிறது, அதை மாட்ட உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு சிலிண்டர் கிடையாது. நான் வாயால்தான் சண்டை போட முடியும். அக்காவும் கூடவே வந்தாள்.

போனால், டிராக்டர் கிழக்கு பார்த்து நிற்கிறது. சூடம் எரிந்து அணைந்திருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது, புகை பின்னால் கம்ப்ரஸர்மேல் படிகிறது. நான் வரதனிடம் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். வண்டியைத் திருப்புங்கள், எஞ்சின் புகை குழாய்க்குள் போகிறது, அதில்தான் எங்கள் மாமா செத்தார் என்றேன். கேட்பானா? கப்பலில் போய் வந்ததும் புத்தி சொல்ல வந்துவிட்டாயா என்றான். சாமிக்கு நிறுத்தின வண்டியைத் திருப்ப முடியாது என்றான். பிறகு எல்லோரும் கேட்கிற மாதிரி, "காத்துல இன்னா கீது? உங்க மாமன் குடிச்சிட்டு எறங்கினான், போய் சேர்ந்தான். இவன் குடிக்கல, ஒண்ணும் ஆவாது" என்றான்.

நான் கையை ஓங்கியிருப்பேன். அதற்குள் அக்கா போய்விட்டாள். முருகேசன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டு நேராக வரதனுக்கு முன்னால் போய் நின்றாள். அவள் குரலே உயரவில்லை மாமா.

"தோ, இத்த வாய்ல வெச்சிக்கினு நில்லு. தண்ணில எறங்க வேணாம், இங்கயே மேலயே நில்லு. அவுரு எவ்ளோ நேரம் உள்ள இருந்தாரோ அவ்ளோ நேரம். உனுக்கு ஒண்ணும் ஆவலன்னா, எம் புருசன் குடிச்சிட்டுதான் செத்தாருன்னு நானே ஊர் பூரா சொல்லிக்கினு போறேன்."

குழாய் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. டீசல் நாற்றம் எனக்கே வந்தது. கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நிலத்துக்காரரும் பார்த்தார். அவன் வாங்கவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. அக்கா அப்படியே நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் வண்டியில் ஏறி எஞ்சினை நிறுத்தினான்.

நடந்தது அவ்வளவுதான். தப்புதான் அம்மா என்று ஒரு வார்த்தை அவனிடமிருந்து வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. முருகேசன் சட்டையைப் போட்டுக்கொண்டான். நிலத்துக்காரர் வாடகைக்கு இரண்டு ஆயில் எஞ்சின் கொண்டுவந்து தண்ணீரை இறைத்தார். இரண்டு நாளில் மோட்டார் வெளியே வந்துவிட்டது. இரண்டே நாள் மாமா. உனக்காக அந்த இரண்டு நாளைச் செலவழிக்க இவர்களுக்கு மனசு வரவில்லையே. இதை நான் எந்தக் காலத்தில் மறப்பேன்?

நேற்று உனக்குப் படையல். நான் வராத வருஷங்களில் நடந்தது எனக்குத் தெரியாது, நேற்றுதான் பார்த்தேன். உனக்குப் பிடிக்குமே என்று தெருக்காரர்கள் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் பாட்டிலை வாங்கிவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வருஷாவருஷம் அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாளாம். நேற்று குனிந்து அதை எடுத்தாள், கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு குடிக்கறத வுட்டுட்டாரு" என்றாள்.

முருகேசன்தான் முதலில் கற்பூரத்தை ஏற்றினான்.

அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறேன் மாமா. போவதற்கு முன் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிறவரை நம் தெருவில் எவனும் அந்தக் குழாயைப் பல்லில் கடிக்க மாட்டான். எந்தக் கிணற்றடியில், எந்த டீக்கடையில் உன்னைக் குடிகாரன் என்று யார் சொன்னாலும், அவனை நிற்க வைத்து அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். நீ அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாய். என் வாக்கை நான் காப்பாற்றுவேன்.

அஞ்சலைக்குத் தம்பியாகப் பிறந்த,
உன் மச்சான்
ஏழுமலை